மூன்று திரி, இரண்டு சத்தம்

இல்லை, இன்னும் இறங்கவில்லை. நீ அதைத்தான் கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். தொண்டூர் பக்கம் ஒரு கிணறு. பாறையில் மூன்று துளை போட்டு, மருந்து கெட்டித்து, மூன்று திரிக்கும் நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி வந்தேன். இரண்டுதான் வெடித்தது. புகை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. துவைத்த பிறகும் உன் சட்டையில் அடிக்கும் அதே நாற்றம். மருந்து சுற்றி வந்த காகிதத்தில், வரப்பில் உட்கார்ந்து, பென்சிலால் எழுதுகிறேன்.

நிலத்துக்காரர் தலைக்கு மேல் நிற்கிறார். "இன்னாப்பா எழுதினுகீற? திரி அணைஞ்சி போயிருக்கும். எறங்கிப் பாரு. பயிரு காயுதுப்பா!"

பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் கயிற்றைப் பிடித்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவன், செஞ்சி கடைத்தெருவில் ஒரே வருஷத்தில் மூன்று வேலையை விட்டவன். என் வயதுதான் உனக்கும். நீதான் என்னைக் கிணறு வெட்டக் கூட்டிப்போனாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாடா ஒம்போதாவது, தண்ணி குடிச்சியா?"

திரிக்கு நெருப்பு வைத்து மேலே வந்ததும் நீ கோட்டை மலையைப் பார்த்து உட்காருவாய். மலைமேல் இருக்கும் கமலக்கண்ணி அம்மனோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசுவாய். கூட வேலை செய்கிறவர்கள் பெயர், அவர்கள் பிள்ளைகள் பெயர், நிலத்துக்காரர் வீட்டு மாடு, நாய் வரைக்கும் சொல்லி, பார்த்துக்கொள் என்பாய். சத்தம் கேட்ட பிறகும் முடிக்க மாட்டாய். எனக்கு எரிச்சலாக வரும்.

பஸ்ஸுக்கும் அவளைத்தான் கேட்பாய். ஒருநாள் உட்கார இடம் கேட்டாய். வந்த பஸ்ஸில் படியில்தான் இடம் கிடைத்தது. நான் சிரித்தேன். "தொங்கினு போறவன் கீழ விழாம பாத்துக்கிறா பாரு, அத்த சொல்லு மொதல்ல" என்றாய்.

பனமலை ஏரிக்குப் பக்கத்தில் வெட்டிய கிணறு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் மூன்று திரி, இரண்டு சத்தம். அணைந்துவிட்டது என்று நான் கயிற்றில் கை வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"உட்றா. எல்லார் பேரும் சொல்லி முடிச்சிட்டல்ல?" என்றேன்.

"உன் பேர் பாக்கி."

"இன்னும் சொல்லலியா?"

"கடைசிலதான் சொல்வேன். உனக்குத்தான அவசரம் ஜாஸ்தி."

பிடியை விடவே இல்லை. திட்டினேன், கையை உதறினேன். அப்போது வெடித்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்திலிருந்து கல் பறந்து பனைமரத்தில் அடித்தது. நீ நிதானமாக என் பெயரைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்தாய்.

"அவ காப்பாத்துனாளா, நீ காப்பாத்துனியா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இங்க கை ஏதுடா? என் கையத்தான் புடிச்சிக்கினா."

போன சித்திரையில் மஞ்சள் காமாலை உன்னைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மலையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். உனக்குக் கண் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. கோபத்தில் உன்னிடமே கத்தினேன். நீ சிரித்தாய். "எங்க நைனாகூடத்தான் நான் கேட்டது எதுவும் வாங்கித் தரல. அதுக்காக எனக்கு நைனா இல்லன்னு ஆயிடுமா?"

மூன்றாம் நாள் போய்விட்டாய். ஒரு மாதம் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ஒருநாள் திரிக்கு நெருப்பு வைத்து மேலே வந்தவன், என்னை அறியாமலே அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். வாய் தானாகப் பெயர்களைச் சொன்னது. அன்றிலிருந்து விட்டதில்லை. எனக்கு அவள்மேல் சந்தேகம் இல்லை இப்போது. கேட்டது கிடைக்காவிட்டாலும் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான்.

நிலத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "நீ எறங்குலன்னா நானே எறங்கறேன்." அவர் மணிக்கட்டு என் இடது கையில். உதறுகிறார், திட்டுகிறார். இங்கிருந்து மலை ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தெரிகிறது. எல்லார் பெயரும் சொல்லியாயிற்று. இவர் பெயர் மட்டும் பாக்கி. அதற்கும் பிறகு உன் பெயர். செத்தவனை எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்காதே, சொல்லத்தான் போகிறேன்.

வெடித்துவிட்டது. நிலத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கணும். போறேன்.