முப்பத்தெட்டாவது நிமிஷம்

மே 10, 2025, சனி

இந்த வாரப் பரிந்துரை, எண் 94. காலை எட்டு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். நூற்று எண்பத்தாறு பேர் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள், வாத்தியார்கள், தென்காசி பஜாரில் பாதிக் கடைக்காரர்கள். பனிமலையில் தபால் சுமக்கிறவரைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் போன வாரம் நாற்பது பேர் கைகூப்பினார்கள். பார்த்தது நாலு பேர் இருக்கலாம்.

இந்த வாரம் அப்படி விட மாட்டேன். இது நம்ம பக்கத்துப் படம். ‘மடியில் ஒரு சொளவு’. கீழப்பாவூரில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள், ஐம்பத்திரண்டு நிமிஷம். கொல்லத்திலிருந்து வந்த மூன்று பிள்ளைகளைச் செங்கோட்டை ஸ்டேஷனில் போய் அழைத்து, வீடு வீடாகக் கூட்டிப் போனவன் நான்தான். மூன்று வருஷம் ஆயிற்று. வெளிநாட்டு விழாக்களில் ஓடி முடித்து இப்போது யூடியூபுக்கு வந்திருக்கிறது. கடைசியில் நன்றிப் பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது: விஜயசங்கர், நூலகர்.

“மறக்க முடியாத படம். கட்டாயம் கடைசி வரை பாருங்கள்” என்று எழுதினேன்.

என் மனைவி ஸ்ரீவித்யா, “நீங்க கடைசி வரை பாத்தியளா?” என்றாள். பார்த்தேன் என்றேன்.

முதல் இருபது நிமிஷம் பார்த்தேன். அப்புறம் நேரே கடைசி. பெயர் வருகிறதா என்று.

மே 11, ஞாயிறு

மசூது கூப்பிட்டான். பஜாரில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், நான் சொன்னதையெல்லாம் உண்மையாகவே பார்க்கிற ஒரே ஆள். “முப்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒரு அம்மா பேசுதாவல்ல? எம் பொண்டாட்டி அழுதுட்டா.”

அப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

வடிவம்மாள். மடியில் சொளவு, கை பாட்டுக்கு இலையைச் சுருட்டுகிறது, நிமிராமல் பேசுகிறாள். “எம் மவ இசக்கிச்செல்விக்கு டி.பி. வந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை தின்னா. இப்ப சொகந்தான். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. நீங்க வெளியூருப் பிள்ளைய, உங்கட்ட சொன்னா என்ன.”

அவள் இதைச் சொன்னபோது நான் முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தேன்: “தைரியமா பேசுங்க வடிவக்கா, இத நம்மூர்ல யாரும் பாக்க மாட்டாங்க.”

இசக்கிச்செல்விக்கு ஜூன் எட்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை இலத்தூர், சுந்தரபாண்டி. அவனுடைய அண்ணன் பேச்சிமுத்து உரக்கடை வைத்திருக்கிறான், என் பழைய மாணவன். என் குழுவில் இருக்கிறான்.

உடனே அழித்தேன். மத்தியானம் ஒன்று பத்துக்கு.

மே 11, சாயந்தரம்

அழித்திருக்கக் கூடாது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று அங்கே கிடக்கிறது. தொண்ணூற்று நாலு வாரத்தில் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. “என்ன சார், ஏதும் வில்லங்கமா?” “சென்சார் பண்ணிட்டீங்களா?” என்று இருபது பேர். ஒரு புண்ணியவான் லிங்க்கைத் திரும்பவும் போட்டுவிட்டான், கூடவே கண்ணடிக்கிற பொம்மை. நேற்று கைகூப்பிவிட்டுப் போனவன் எல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கிறான்!

பேச்சிமுத்து ஒரே வரி போட்டிருக்கிறான்: “கடை மூடிட்டுப் பாக்கேன் சார்.”

மே 12, திங்கள்

ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் யார் பெயர் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கல்லூரி லீவு, நூலகத்தில் நானும் மின்விசிறியும்தான். பதினொன்றரைக்குப் பேச்சிமுத்தே கூப்பிட்டான்.

“பாதியில கரண்டு போயிட்டு சார். கீழப்பாவூர்னு போட்டிருக்கே, நம்ம சம்பந்தி வீட்டுப் பக்கமா இருக்குமோ? இன்னைக்கு மிச்சத்தப் பாக்கணும்.”

“பின்பாதி சரியில்ல பேச்சிமுத்து. இழுத்துட்டாங்க. அதான் எடுத்துட்டேன். விட்ரு.”

“சரி சார்” என்றான்.

நம்பியிருப்பானா?

மே 13, செவ்வாய்

ஸ்ரீவித்யாவிடம் சொல்லிவிட்டேன். இசக்கிச்செல்வி அவளிடம் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை. டீச்சர் வீட்டுக்காரர் என்றுதான் வடிவம்மாள் என்னை நம்பிக் கதவைத் திறந்தாள். ஸ்ரீவித்யா திட்டவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “வடிவக்காட்ட யாரு சொல்லப் போறா?” என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்குப் போகலாம் என்றேன்.

மே 14

போகவில்லை.

மே 15, வியாழன்

படம் எடுத்த பெண்ணுக்குப் போன் செய்தேன். அந்த மூன்று நிமிஷத்தை வெட்டிவிடும்மா என்று கெஞ்சினேன். வடிவம்மாள் கேட்டால் அன்றைக்கே வெட்டுகிறேன், நீங்கள் சொல்லி வெட்ட மாட்டேன் என்றாள். அப்புறம் அந்தக் கொல்லத்துத் தமிழில், “சார், மார்ச்சுல லிங்க் அனுப்பியது உங்களுக்குத்தானே? அந்தம்மாவுக்குக் காணிச்சிட்டு சொல்லணும், அது கழிஞ்சுதான் பப்ளிக் ஆக்குவேன்னு எழுதினேனே. காணிச்சாச்சுன்னு நீங்க எழுதினீங்களே!”

ஏப்ரல் 2. என் போனில் இன்னும் இருக்கிறது. “எல்லாரும் பார்த்தாச்சு. ரொம்ப சந்தோஷம்.”

கீழப்பாவூர் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்போது வெயில் என்று போகவில்லை. யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை என்று நினைத்தேன். நானே என்னை என்ன சொல்ல? லிங்க் வந்தும் பத்து நாள் தள்ளிப் போட்டு, ஒரு பொய்யை எழுதி அனுப்பிவிட்டு, இங்கன உக்காந்து ஊருக்கெல்லாம் ‘கடைசி வரை பாருங்க’ன்னு உபதேசம் பண்ணியிருக்கேன். வெக்கங்கெட்டவன்.

மே 17, சனி

பரிந்துரை இல்லை.

மே 18, ஞாயிறு

போனேன். ஸ்ரீவித்யா வர மறுத்துவிட்டாள். “நீங்க குடுத்த வாக்கு, நீங்களே போங்க.”

வடிவம்மாள் வாசலில் கத்திரியை வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவனை வரவேற்கிற மாதிரி எழுந்தாள், நாற்காலி போட்டாள், கலர் வாங்கிவரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கலர் பாட்டில் அப்படியே இருந்தது.

“நா என்ன பேசுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. காட்டுங்க” என்றாள்.

என் போனில் காட்டினேன். ஓட்டிவிடப் போனேன். “மொதல்ல இருந்து” என்றாள். ஐம்பத்திரண்டு நிமிஷம். நானும் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறேன். முப்பத்தெட்டாவது நிமிஷம் வந்தபோது இசக்கிச்செல்வி உள்ளேயிருந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். என் பெயர் வரும் இடம் வந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“அப்ப, நூத்தி எம்பத்தாறு பேரும் பாத்த பெறவுதான் எனக்கா?” என்றாள் வடிவம்மாள்.

இசக்கிச்செல்விதான் பேசினாள். “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாப்பிள்ளைட்ட சொல்லிட்டேன் சார். மாத்திரை அட்டையைக்கூடக் காட்டுனேன். எங்க வீட்ல சொல்ல வேண்டாம், நா பாத்துக்கிடுதேன்னாவ. இப்ப அவுக அண்ணன் பாத்தா, நாங்கதான் மறைச்சோம்னு ஆகும்.” அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க சார். நல்லதுன்னு நெனைச்சுக்கூட சொல்லாதீங்க.”

சரி என்றேன்.

வடிவம்மாளே என் போனில் கொல்லத்துப் பெண்ணிடம் பேசினாள். “எம் மவ பேச்சை எடுத்துரும்மா. எம் பேச்சு கெடக்கட்டும்.”

மே 19, திங்கள்

பேச்சிமுத்து நூலகத்துக்கே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இத்தன வாரத்துல ஒரு படத்தயாவது பாக்காதன்னு சொல்லியிருக்கீங்களா சார்? நீங்க அப்படிச் சொன்ன பெறவுதான் உக்காந்து பாத்தேன். என்னத்தையோ மூடுதாருன்னு தெரிஞ்சு போச்சு.” மேசையில் தட்டினான். “பொண்ணு வீட்டுக்காரங்க எங்கட்ட மறைச்சிட்டாங்க. உங்களுக்கும் தெரியும். ஆமாவா இல்லையா?”

உன் தம்பிக்குத் தெரியும்லே, அந்தப் பிள்ளை மறைக்கலைலே — நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் பெயர் தப்பிக்கும். சொன்னால் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டாலும் கல்யாணம் நிற்கும். எதைச் செய்தாலும் தப்பாகப் போகிற இடத்தில் என்னை நானே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

“உன் தம்பிட்ட கேளு” என்று மட்டும் சொன்னேன்.

அதுவும் சொன்னதுதானோ? அவன் போய்விட்டான்.

மே 22

தகவல் இல்லை.

மே 24, சனி

சாரல் ஆரம்பித்துவிட்டது. மெயினருவியில் குளிக்கத் தடை, அவ்வளவு தண்ணீர். குழுவில் அருவி வீடியோவாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். பேச்சிமுத்து குழுவை விட்டுப் போய்விட்டான்.

மே 27, செவ்வாய்

ஸ்ரீவித்யாவுக்கு இசக்கிச்செல்வியே போன் செய்திருக்கிறாள். இலத்தூரில் நாலு நாள் சண்டையாம். சுந்தரபாண்டி, “எனக்கு மொதல்லயே தெரியும், இந்தப் பிள்ளைதான் எனக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். நேற்று டாக்டரிடம் போய் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். முழுசாகக் குணமானவள், ஒரு பயமும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். தேதியில் மாற்றம் இல்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 1, ஞாயிறு

வடிவம்மாள் பத்திரிகை வைக்க வந்தாள், தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம். நான் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தம்பதியாக நிறுத்தித்தான் கொடுப்பார்கள். உறையின் மேல் புருஷன் பெயர் முதலில் வரும், அப்புறம் பெண்டாட்டி பெயர், கடைசியில் ‘குடும்பத்தார்’. நானும் போய் ஸ்ரீவித்யா பக்கத்தில் நின்றேன்.

வடிவம்மாள் அவளுக்கு மட்டும் குங்குமம் கொடுத்தாள். “டீச்சர், நீங்க கட்டாயம் வரணும்.”

உறையில் ‘ஸ்ரீவித்யா டீச்சர்’ என்று மட்டும் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஸ்ரீவித்யா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டு விட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து எதையும் பார்க்கவில்லை, படிக்கவும் இல்லை.

இரண்டு மணிக்கு வந்தாள். தாம்பூலப் பையை மேசையில் வைத்தாள். பேச்சிமுத்து மணமேடையில் அண்ணன் முறைக்கு நின்றானாம். பொண்ணு நல்லாருந்தா, சாப்பாடு நல்லாருந்தது என்றாள்.

“நா வரலையான்னு யாராவது கேட்டாங்களா?”

புடவைக் குத்தூசியைக் கழற்றிக்கொண்டே, “இல்லங்க” என்றாள்.