மாசி முடியும்வரை கல்யாணம் இல்லை

8-1-89, ஞாயிறு, காலை 5.40

வாடைக் காற்று. பட்டறையில் படகு மோட்டார் மூன்று. இரண்டு பூட்டியாயிற்று, ஒன்று பிரித்துக் கிடக்கிறது.

அதற்கு வேண்டிய கேஸ்கெட் நேற்று பொன்னேரியிலிருந்து வந்தது, சிநேகிதன் ஜபாரின் ஐஸ் வண்டியில். சுற்றியிருந்தது பழைய தினசரித் தாள். கிரீஸ் துடைக்க எடுத்தவன் படித்துத் தொலைத்தேன். எய்ட்ஸ். உடலுறவில் வரும், ரத்தத்தில் வரும். மருந்து கிடையாது. வந்தவனைப் பார்த்தால் தெரியாது, பல வருஷம் நன்றாகவே இருப்பான்.

நான் நன்றாகவே இருக்கிறேன்.

மெட்ராஸ் காசிமேடு, போன மாதம். ஷாஃப்ட் வாங்கப் போனேன். மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். லாட்ஜ். அங்கே வந்த பெண் கேட்டாள், உறை வச்சிருக்கியான்னு. சிரித்தேன். எனக்கு ஒன்றும் வராது என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன்?

திரும்பி வந்ததும் ஜபாரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "கடல்ல முங்குபா. உப்புத் தண்ணி இரும்பையே தின்னுது, சீக்கைத் தின்னாதா?" என்றான். நானோ டீசல் மெக்கானிக், ஐ.டி.ஐ.யில் முதல் மார்க்கு. அப்படியும் தினம் காலையில் போய் முங்கினேன். எழுதவே கூசுகிறது.

9-1, திங்கள்

நைனா என் பிளேடை எடுத்துச் சவரம் செய்யப் போனார். பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாடா, உனக்குத் தனி பிளேடா? கலெக்டரா நீ?"

சாயங்காலம் ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிந்தது. துணி கட்ட வந்தார். தொடாதே என்று கத்திவிட்டேன். துணியை மோட்டார் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை மகள் மல்லிகாவுடன் கல்யாணம் தை 23. நைனாவின் அவசரம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் கல்யாணம் ஆனவனுக்குத்தான் ஏரியில் வலை போட முறை. அந்த முறைக்குப் பேர் பாடு. பாடு எழுதுவது தை கடைசியில். தவறினால் அடுத்த தை வரை என் பேர் இல்லை. நைனாவோடு எனக்கும் முறை வந்தால் எங்கள் வீட்டுக்கு இறாலில் இரண்டு பங்கு.

சோதனை செய்யாமல் தாலி கட்ட மாட்டேன். ஓட்டிப் பார்க்காத மோட்டாரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

11-1, புதன்

முதல் படகில் ஏரி தாண்டி, பஸ், ரயில். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி. எய்ட்ஸ் சோதனைக்கு எந்த அறை என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வழி சொன்னார்கள். பார்க்கட்டும்.

டாக்டர் சின்ன வயசு. "யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல. நானே வந்தேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "தானா வர்றவங்க ரொம்பக் கம்மி" என்றார். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பயமும் இருந்தது.

பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும், ரத்தம் பட்டால் கழுவ வேண்டும், சேர்ந்து சாப்பிடலாம், தொடலாம் என்றார். நைனாவின் துணி ஞாபகம் வந்தது. ரயிலில் தூங்கவில்லை.

14-1, சனி. பொங்கல்

பனி. கரும்பு. இறால் குழம்பு, கொஞ்சம் உப்பு தூக்கல்.

விரல் கட்டை மாற்றிவிடச் சொல்லி நைனாவிடம் நீட்டினேன். கழுவிக் காய்ந்த புண்தான். கட்டிவிட்டார். "இப்ப மட்டும் தொடலாமா?" என்றார், அவ்வளவுதான்.

19-1, வியாழன்

மறுபடி மெட்ராஸ். சோதனை முடிவுத் தாளைக் கொடுத்தார்கள். இல்லை.

டாக்டர் கையை உயர்த்தினார். "குதிக்காதீங்க. இது கிருமியைத் தேடற சோதனை இல்ல. கிருமி வந்தா உடம்பு ஒண்ணை உண்டாக்கும், அதைத் தேடற சோதனை. அது உண்டாக நாளாகும். மார்ச் நடுவுல திரும்ப வாங்க. அதுவரை யாரோடயும் சேர்க்கை வேணாம்."

புரிந்தது. ஆறின மோட்டாரில் கசிவு தெரியாது. சூடேற வேண்டும்.

மார்ச் நடு என்றால் மாசி கடைசி. பாடு போச்சு.

திரும்பி வரும்போது பழவேற்காட்டில் ஜபார் தாளைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தான். "அதான் இல்லன்னு போட்டிருக்கே. தை 23 பிரியாணி நம்ம வீட்ல." இல்லை, மார்ச்தான் என்றேன். "பைத்தியக்காரா. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும்.

20-1, வெள்ளி

மல்லிகா இறால் உரிக்கும் கொட்டகை. வெளியே கூப்பிட்டேன்.

"இன்னா மாமா, மூஞ்சி கருவாடு மாதிரி கீது?"

சுற்றி வளைக்கவில்லை. காசிமேடு, அந்தப் பெண், சோதனை, மார்ச். எல்லாம் சொன்னேன். கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள், தலையைக் கிள்ளி எறிந்தாள், உள்ளே போய்விட்டாள். அடித்திருக்கலாம்.

22-1, ஞாயிறு

ஊர்க் கூட்டம். கல்யாணம் தள்ளிப்போகிறது, இந்த வருஷப் பாடு எழுதும்போது என் பேர் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார் நாட்டாமை. சொல்ல மாட்டேன் என்றேன்.

"ஊர் மோட்டாரெல்லாம் ரிப்பேர் பண்றான். சொந்த மோட்டார் ஓடல போல" என்றார் அவர்.

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தன், "எண்ணெய் ஊத்திப் பாத்தியா தம்பி?"

சிரித்த வாயில் பாதி என் மோட்டாரில் கடலுக்குப் போகிற வாய். நின்றேன். தலை குனியவில்லை. நைனாதான் எழுந்தார். "எம் புள்ள வேணாம்னா காரணம் இருக்கும். வேற பேச்சு பேசுங்க." காரணம் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும்வரை கேட்கவும் இல்லை.

23-1, திங்கள்

மல்லிகா பட்டறைக்கே வந்தாள். உட்காரவில்லை.

"கூட்டத்துல சிரிச்சாங்களாமே."

"ஆமா."

"அந்தத் தாளை ஒளிச்சு வச்சிட்டு தை 23 தாலி கட்டியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. ரெண்டாவது தாள் வரட்டும், அப்புறம்தான் சண்டை. இப்ப போட்டா சாகப் போறவன்கிட்ட போட்ட மாதிரி ஆயிடும்."

போகும்போது திரும்பி, "சோதனைக்கு நானும் வருவேன். அந்த டாக்டர்கிட்ட நானே கேக்கணும்" என்றாள்.

இப்படி ஒருத்தி இந்தக் கரையில் இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்கியது.

செய்ய வேண்டியவை:

1. பிரித்த மோட்டாரை நாளைக்குள் பூட்டுவது. நாட்டாமை மோட்டார்தான். ஒழுங்காகப் பூட்டுவது.
2. நைனாவிடம் காரணம் சொல்வது. கூட்டத்தில் எழுந்தவருக்கு அது பாக்கி.
3. காசிமேடு போய் அந்தப் பெண்ணைத் தேடி, சோதனை எங்கே செய்கிறார்கள் என்று சொல்வது. தேடுவதை மல்லிகாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது.
4. கடலில் முங்குவதை நிறுத்துவது.
5. மார்ச் நடுவில் இரண்டு ரயில் டிக்கெட்.
6. தாளில் என்ன வந்தாலும், மல்லிகாவிடம் அந்தச் சண்டையை முழுதாக வாங்கிக்கொள்வது.