வாசலில் நின்ற பொம்மை

பெருமுக்கல்,
1-8-1961

அன்புள்ள ஜெயத்துக்கு,

ஆசிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் பேஜார் செய்கிறார்கள். ஏரிக் களிமண்ணில் ஒரு சின்ன வீடு, ஆட்கள், குடம், பசு எல்லாம் செய்து நடுவில் வைத்தேன். கரும்பலகையைப் பார்த்து மிரண்டதுகள் இப்போது போட்டி போட்டுப் பேசுகின்றன. பேசுகிற சொல்லைச் சீட்டில் எழுதிப் பொம்மையருகே வைத்தால் படிக்கவும் செய்கின்றன.

நம் அம்சாவுக்கும் ஒன்று செய்து விழுப்புரம் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளை இதற்காவது பேசட்டும். சொல்லித்தர வேண்டியதைத் தனித்தாளில் எழுதியுள்ளேன். உன் கோபம் தீராவிட்டாலும் இரண்டு வரி எழுது.

உன்,
பச்சைமுத்து

விழுப்புரம்,
8-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம் எப்படித் தீரும்? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்த வகுப்பிலிருந்து நம் பிள்ளையை மட்டும், "பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். அன்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான் நான்.

பொம்மைகள் வந்தன. பசுவுக்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது. வீட்டுக்குள் அம்மாவும் பெண்ணும் இருந்தார்கள். குடையும் பையுமாக இருந்த ஆளை, "இதான் அப்பா" என்று காட்டிவிட்டு, தாளில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தேன். நேற்று அந்தப் பொம்மையைப் பார்த்து "வாங்க" என்றாள் அத்தான்! அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அழுதேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. அப்பாவை வீட்டுக்குள் வைக்கவே மாட்டேன் என்கிறாள். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி வாசலில் நிறுத்துகிறாள். ஏன்?

ஜெயம்

பெருமுக்கல்,
14-8-1961

அன்புள்ள ஜெயத்துக்கு,

குடை வைத்திருப்பவன் நானில்லை! அது விருந்தாளி. வருகிறவரை எப்படி வரவேற்பது என்பதுதான் பாடம். அப்பா பொம்மை வெயிலில் வெடித்துவிட்டது. வேறு செய்து அனுப்பலாமென்று இருந்தேன், உனக்கு எழுத மறந்தேன்.

இப்போது மாற்றிச் சொன்னால் வந்த பேச்சும் நின்றுவிடுமோ? சொல்லாமல் விட்டால் அப்பன் என்றால் வந்துபோகிறவன் என்றே நினைப்பாளோ? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். என்னைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.

பச்சைமுத்து

விழுப்புரம்,
21-8-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று நீங்கள் வந்து நின்றதும், "வாங்க. குந்துங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எவ்வளவு தெளிவாகக் கேட்டாள்! சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். நீங்கள் குடித்து முடித்ததும் "போயிட்டு வாங்க" என்றாள். உங்கள் பாடத்தில் அதுதானே கடைசி வரி?

அதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவதா? நான் உள்ளே உங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "இன்னா, மாப்ள ஜல்தியா பஸ்ஸுக்கு ஓடிக்கினு இருக்காரு?" என்று அண்ணன் வந்து கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். உங்களுக்கு வந்தது கோபமா, வெட்கமா? என் கோபம் எங்கே போனது என்றும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போனபின் அம்சா வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முந்தானையை இழுத்து, "அப்பா ஏன் போயிட்டாரு?" என்றாள். இது உங்கள் தாளில் இல்லை. நானும் சொல்லித்தரவில்லை.

அவளுக்கான பதிலை நீங்களே சொல்லுங்கள். கடிதத்தில் எழுதி அனுப்பாதீர்கள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

ஜெயம்