உடன் வருபவர்

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நாலு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிடாதீர்கள். அப்படி எதுவும் இல்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போனோடு மாரடித்துவிட்டு, சொந்தக் கதையையும் அதிலேயே சொல்ல மனசு வரவில்லை. போதாக்குறைக்கு, போனில் நீங்கள் சிரிக்கத் தொடங்கினால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

விஷயத்துக்கு வருகிறேன். எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். இங்கே வரிசையில் நின்றால் இரண்டு வருஷம் ஆகுமாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று ஏப்ரலிலேயே செய்வதாக எழுதியிருக்கிறது. மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். காலையில் போகலாம் என்று தோன்றுகிறது, சாயங்காலம் வேண்டாம் என்று தோன்றுகிறது. அங்கே பாஷை தெரியாது. பத்தே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். வந்த பிறகு ஏதாவது ஆனால், "எங்க போய் செஞ்சீங்களோ அங்கயே கேளுங்க" என்று இங்குள்ளவர்கள் கையை விரிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

அழகுக்காக என்று நினைக்காதீர்கள். அந்த ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால் பகலில் கண் சொருகுகிறது. போன மாதம் ஒருவர் லைனில் இருக்கும்போதே தூங்கிவிட்டேன். என் தலை சரிந்ததைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரி என் லைனை எடுத்துப் பேசினாள். அந்த வீட்டுக்கு வண்டி நேரத்துக்குப் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால்? அன்றிலிருந்து தூங்கப் பயமாக இருக்கிறது, தூங்காமல் இருக்கவும் முடியவில்லை.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மேல் பாதியில் நெருங்கிய உறவினர் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் நீங்கள் இன்னும் என் கணவர். கீழ்ப் பாதியில் 'உடன் வருபவர்' என்று ஒரு இடம் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பணத்துக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது, அந்தப் பேச்சு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் மட்டும் உங்கள் மனைவி


பிப்ரவரி 17

மகாராணியின் சமூகத்துக்கு, அடியேன் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்த நேரம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிரீஸ் கையோடு பிரிக்க வேண்டாம் என்று சாயங்காலம் வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன், மறைப்பானேன்.

வயிற்றை வெட்டிக்கொள்ள விமானம் ஏறிப் போக வேண்டுமா? இங்கே கத்திக்கா பஞ்சம்? உனக்கு என்ன குறைச்சல் என்று கேட்க வந்தேன். குறைச்சல் இல்லாததுதான் பிரச்சினை என்பாய், அதனால் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கட்டடத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார். லிஃப்டில் மடக்கிக் கேட்டேன். மூன்றாவது மாடியிலிருந்து ஒன்பதாவது மாடி போவதற்குள் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பொதுவா நல்லபடியா முடிஞ்சிடும். உள்ளே தையல் விட்டுச்சுன்னா மட்டும் உடனே கவனிக்கணும்." அந்த 'தையல் விட்டுச்சுன்னா' எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ லைனில் தூங்கியது களைப்பாக இருக்கும். லீவு போட்டு நன்றாகத் தூங்கு. தினமும் நட. எண்ணெயைக் குறை. நான் இங்கே நானே சமைத்து, நானே திட்டிக்கொண்டு சாப்பிடுகிறேன். அதில் ஏழு கிலோ இறங்கிவிட்டது. வேண்டுமானால் வந்து ஒரு மாதம் என் சமையலைச் சாப்பிட்டுப் பார், ஆபரேஷனே தேவைப்படாது.

உன் லிஃப்ட்காரன்


பிப்ரவரி 26

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிப்பு வந்தது, உண்மைதான். சிரித்து முடித்த பிறகு எரிச்சல் வந்தது, அதுவும் உண்மை. நடக்கச் சொல்கிறீர்கள். நடந்து பார்க்காமலா இருந்திருப்பேன்? பட்டினி கிடந்து பார்க்காமலா? பதினைந்து கிலோ இறக்கினால் இருபது ஏறுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொன்னதில்லை. உங்கள் முதலாளி புது வீட்டில் விருந்து வைத்தாரே, ஆறாவது மாடியில், ஞாபகம் இருக்கிறதா? எட்டுப் பேர் போகிற லிஃப்ட். உள்ளே ஐந்து பேர். ஆறாவதாக நான் காலை வைத்ததும் மணி அலறியது. முதலாளி, அவர் மனைவி, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள், "என் வீட்டம்மாவுக்குத் தனி லிஃப்டுதான் போடணும் சார்" என்றீர்கள். லிஃப்டே குலுங்குகிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன். பிறகு ஆறு மாடி படியேறினேன்.

நான் வீட்டை விட்டுப் போனபோது, தினமும் சண்டை, ஒத்துவரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது முழுப் பொய். நமக்குள் சண்டையே இல்லையே. உங்கள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அந்த மணி கேட்டது. அதனால்தான் போனேன்.

பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட இதை எழுதவில்லை. உங்கள் கேலியில் விஷம் இல்லை என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, அதனால் ஏதேதோ எழுதுகிறேன். துணைக்கு வருகிறேன் என்று பக்கத்து நாற்காலிக்காரி சொல்கிறாள். நல்லவள்தான். இருந்தாலும் கண் விழிக்கும்போது எத்தனையோ வருஷம் பார்த்த முகம் ஒன்று எதிரே இருந்தால் தேவலை.

படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி


மார்ச் 6

என் அன்பு மனைவிக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. மேல் பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழ்ப் பாதியையும் கேட்காமலே நிரப்பிவிட்டேன். வேண்டாம் என்றால் அடித்துவிடு.

மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தேன். "சிரிக்காதீங்க சார்" என்று போட்டோக்காரர் நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை சிரிக்கவில்லை, அப்போது உன் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு எழுதத் தெரியவில்லை.

உன் கணவன்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

அடிக்கவில்லை. படிவத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து இப்போதும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

ஏப்ரல் 10 பயணம், 12 ஆபரேஷன். அதற்கு முன்பு இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும்தான். இப்போதே ஒரு நாள் இருந்து பார்த்தேன், சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். "ஆபரேஷன் முடியறதுக்குள்ள நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம் போல" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. நீங்கள் வருவது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி.

ஒரே அறைதான் கொடுப்பார்களாம். இரண்டு கட்டில் இருக்கும். உங்களுக்குச் சங்கடமென்றால் சொல்லிவிடுங்கள். எனக்குச் சங்கடமில்லை. தூக்கத்தில் பயங்கரமாகக் குறட்டை விடுகிறேன் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். குறட்டை நின்றால் என்னைத் தட்டி எழுப்புங்கள்.

நேற்று துணி எடுத்து வைக்கும்போது பாட்டு முணுமுணுத்தேன். எவ்வளவோ காலம் ஆயிற்று. நன்றாக முடிந்து வந்தால், அதற்கப்புறம் என்ன செய்யலாம் என்று நாம் உட்கார்ந்து பேசலாம். இப்போதைக்கு இது போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
உங்கள் மனைவி


மார்ச் 23

என் அன்பு மனைவிக்கு,

ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. உன்னோடு விமானம் ஏறுவதற்கு முன்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டால் நீ போகவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அன்று மணி அடித்தது உன்னால் இல்லை.

விருந்துக்கு முன்பு, அன்று காலையில் அந்த லிஃப்டைச் சரிபார்த்தது நான்தான். மணி வேலை செய்கிறதா என்று பார்க்க, எடை அளவைக் குறைத்து வைத்து, நாலைந்து பேரை ஏற்றிப் பார்ப்போம். பார்த்த பிறகு பழைய அளவுக்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டேன். ஆறாவதாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஏறியிருந்தாலும் அது அலறியிருக்கும்.

மணி அடித்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் நிற்கிறார். என்னை மேற்பார்வையாளர் ஆக்குவதாக அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அவர் வீட்டு லிஃப்டிலேயே தப்பு செய்தேன் என்று எப்படிச் சொல்வேன்? வாயில் அந்தக் கேலி வந்தது, சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்ததும் தப்பித்தேன் என்று நினைத்தேன். நீங்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே போய் அளவைச் சரிசெய்தேன்.

இதை அப்போதே சொல்லியிருந்தால் நீ என்னை விட்டுப் போயிருக்க மாட்டாய். அது என் முட்டாள்தனம். இப்போதாவது கேள். நான் தப்பாக வைத்த ஒரு மணிக்காக நீ வயிற்றை அறுத்துக்கொள்ள வேண்டாம். உன் உடம்பு எப்படி இருந்தாலும் எனக்குப் போதும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. இரண்டு வருஷம்தானே, வரிசையில் இருப்போம், நான் கூட இருக்கிறேன்.

உன் கணவன்


ஏப்ரல் 2

உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அது சுலபமாக இருந்திருக்காது.

நான் போகிறேன். என் எடை என்னவென்று டாக்டர் அறையில் இருக்கும் தராசு சொல்கிறது, அதற்கு யாரும் அளவு மாற்றி வைக்கவில்லை. ஒரு மணிக்காகவா கத்திக்குப் போகிறேன் என்று நினைத்தீர்கள்? ஒருவர் உயிருக்குக் கூப்பிடும்போது நான் தூங்கினேன். அதற்காகப் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்று படியேறும்போது நான் நாலாவது மாடியில் மூச்சு முட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மேலேயிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தீர்கள். "பரவாயில்ல, மெதுவா வா. நாளையிலேர்ந்து கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு" என்றீர்கள். அங்கே முதலாளி இல்லை, நாம் இருவர் மட்டும்தான். கேலியைக்கூட மன்னித்துவிட்டேன். தப்பு யாருடையது என்று தெரிந்துகொண்டே அந்தப் படியில் உட்கார்ந்து அதைச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடன் வருபவரின் வேலை என்ன என்று ஆஸ்பத்திரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் சொல்வதைக் கேட்டு, நான் விழித்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் சொல்ல வேண்டும். கண் விழித்து உங்கள் முகத்தைப் பார்த்தால், என்ன தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாரோ என்றுதான் இனி எனக்குத் தோன்றும். நீங்கள் முதுகைத் தடவினால் இன்னும் பயம் வரும்.

பக்கத்து நாற்காலிக்காரி வருகிறாள். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். புதுப் படிவத்தில் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டிலும் அவளே போட்டாள். 'உறவு' என்ற இடத்தில் 'கூட வேலை செய்பவள்' என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்வார்கள் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். யார் வேண்டுமானாலும் போடலாம். உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம். உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நன்றாக இருங்கள்.


ஜூன் 20

என் அன்பு மனைவிக்கு,

மே மாதம் இரண்டு கடிதம் போட்டேன், கிடைத்திருக்கும். பதில் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று ஒரு வரி போதும் என்றுதான் கேட்டிருந்தேன். அதுவும் வரவில்லை. இப்போது வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன், இனி உன்னிடம் எதையும் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறேன்.

நேற்று மத்தியானம் ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிட்டேன். அவசரத்துக்கு இருக்கிற எண், தப்புதான். நீ இருக்கிறாயா இல்லையா என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கூப்பிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி எடுத்தால் கேட்கலாம் என்று நினைத்தேன்.

நீ எடுத்தாய்.

"ஆம்புலன்ஸ், சொல்லுங்க. என்ன அவசரம்?" என்றாய். எனக்குப் பேச வாய் வரவில்லை. "பேச முடியலையா? பயப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன். ஆள் வேணும்னா போன்ல ஒரு தடவை தட்டுங்க" என்றாய். எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். என்னிடம் யாரும் அப்படிப் பேசி ரொம்ப நாள் ஆயிற்று.

கொஞ்ச நேரம் காத்திருந்து இரண்டாவது தடவையும் அதையே சொன்னாய். விரலை போன் மேல் வைத்தேன். தட்டவில்லை. யாருக்காவது அந்த லைன் வேண்டியிருக்கும் என்று வைத்துவிட்டேன்.

இனிமேல் கூப்பிட மாட்டேன்.