வெயில் படாத சந்தில் சோதித்த பெட்டி

ஜன. 8, வியாழன்
காலையில் நல்ல குளிர். தாராவிக்கே ஸ்வெட்டர் வந்துவிட்டது.

பிரேமாவுக்கு நான் விற்ற ஹீட்டர் பெட்டியால் நேற்று மதியம் தீப்பிடித்துவிட்டது. ஒட்டிக் கிடந்த ரஜாய்ப் போர்வை எரிந்திருக்கிறது. அதே அறையில் அவள் மகள், நாலு வயது அம்மு தூக்கம். பிரேமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

செம்பூர் ஃபிளாட்டை விட்டு ஜுன்னர் பக்கம் மலையில் குடியேறிய குடும்பம். கரண்டுக் கம்பம் போகாத இடம். விறகு மூட்டினால் புகை அம்முவின் இளைப்புக்கு ஆகாது. அதனால்தான் என்னிடம் வந்தார்கள். நாலு சோலார் பேனல், பேட்டரி கிடையாது, நேராகப் பெட்டிக்கு ஒயர். பகலில் காயில் கம்பி உள்ளே அடுக்கிய செங்கலைச் சூடாக்கும். ராத்திரி அந்தச் செங்கல் வீட்டைச் சூடாக வைத்திருக்கும். சூடு மிஞ்சினால் ஸ்விட்ச் தானாகக் கட் ஆகும்.

ஆகவில்லை.

போனில் பிரேமா: "தானா கட் ஆகுமான்னு கேட்டேனேக்கா. 'ஆகும், நீ நிம்மதியா தூங்கு'ன்னீங்க."

சொன்னேன்.

ஜன. 9, வெள்ளி
பெட்டி செய்த ரபீக், என் பட்டறைக்காரன், சத்தியம் பண்ணுகிறான். "கடையில வச்சு எத்தன தடவ ஓட்டிப் பாத்தோம்! டக்கு டக்குன்னு கட் ஆச்சுல்லாக்கா." ஆயிற்று. நானும் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற ஸ்விட்ச்.

"எதுல ஓட்டுனல?"

"எதுல... சுவத்து பிளக்குலதான்."

எங்கள் சந்தில் வெயில் விழாது. மேலே தகரம், தார்ப்பாய், காயும் துணி. சோலார் விற்கிற கடையில் பட்டப்பகலில் டியூப்லைட். பேனலை மாடிக்கு யார் தூக்குவது என்று லைன் கரண்டிலேயே சோதனை. எனக்கும் தெரிந்துதான்.

இன்று பேனலையும் மிச்சமிருந்த பெட்டியையும் எதிர்க் கட்டட மொட்டைமாடிக்கு ஏற்றினோம். சூடேறியது. ஸ்விட்ச் விலகும் இடத்தில் நீலமாக ஒரு பொறி, கருகல் வாடை. லைன் கரண்டு துடித்துத் துடித்து வரும், பொறி அணைந்துவிடும். பேனல் கரண்டு ஒரே போக்கு, அணையவில்லை.

"ஸ்விட்ச் உருகி ஒட்டிக்கிச்சுக்கா." ரபீக் ஒயரைப் பிடுங்கினான்.

இதே பெட்டி இன்னொன்று மலையில் பிரேமா வீட்டுக்கும் மேலே, தனியாக இருக்கும் மராத்தி வாத்தியாரிடம். அவர் போனுக்கு டவர் இல்லை.

ரபீக்: "நாளக்கி நாமளே போயி மாத்திருவோம். பிரேமாட்ட எதுக்குச் சொல்லணும்? நம்ம பேரு நாறிரும்க்கா."

நாளைக் காலையிலும் வெயில் அடிக்குமே. பிரேமாவுக்கே போன் போட்டேன், ஏறிப்போய் ஒயரைக் கழற்றச் சொல்லி.

"அவருக்கும் அதேதானா?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் மெசேஜ்: கழட்டியாச்சு. பெட்டி பக்கத்துல பேப்பர் கட்டு அடுக்கி வச்சிருந்தாரு.



ஜன. 11, ஞாயிறு
கல்யாண் வரை ரயில், பிறகு பஸ். ரபீக்கும் கூட. மலையில் காற்று எலும்பைக் குடைகிறது. சுவரில் ஆளுயரக் கரி. அம்மு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்கதான் தீ ஆண்ட்டியா?" ரபீக்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். பிரேமாவின் புருஷன் சரி என்பது போலத் தலையாட்டினார். பிரேமா விடவில்லை. "பணத்த விரிச்சா பிள்ளயப் படுக்க வைக்கிறது? மறுபடி விறகுதான், மறுபடி இளைப்புதான். பெட்டி வேணும்க்கா. ஆனா உங்க வாய்ப்பேச்சு வேணாம்."

பேசி முடித்தது: பேனல் கரண்டுக்கென்றே வருகிற ஸ்விட்ச், அதற்கும் மேலே, சூடு மீறினால் உருகி அறுந்துவிடுகிற ஒரு ஃபியூஸ். வாத்தியாருக்கும் அதேபடி. செலவு, கூலி, சுவருக்கு வெள்ளை எல்லாம் என் தலையில். பிரேமா போட்ட நிபந்தனை ஒன்று: மாட்டிய பிறகு ஒரு வாரம், தினமும் உச்சி வெயிலில், கதவைச் சாத்தி, அம்முவின் பாயில் நான் படுக்க வேண்டும்.