கப்பலுக்குப் பதில்

வியாழக்கிழமை, இரவு

ஜாஸ் வாசித்த எட்வின் மாமாவுக்கு நாளை நினைவுக் கூட்டம். அங்கே போட, மாமா முன்பு அப்பாவின் ஸ்டுடியோவில் வாசித்த டிரம்பெட் பதிவை வாங்க அவர் மகள் ஸ்டெல்லா அக்கா வந்தார். அப்பா போட்டுக் காட்டிய பதிவின் நடுவில் துறைமுகத்துக் கப்பலின் சங்கு ஊதியது.

"அந்த சத்தத்த மட்டும் எட்த்துடு மாமா."

அப்பா சொன்னார்: "அன்னிக்கு கப்பல் ஊதுனதும் நானும் வாசிப்ப நிறுத்தத்தாம்மா சொன்னேன். உங்கப்பன் கேக்கல. 'அவன் பேசிகினு கீறான், பதில் சொல்லாம போனா மரியாதையாடா?'ன்னு அதே சுதில எட்த்து வாசிச்சான். அப்பால இன்னொரு கப்பல் ஊதாதான்னு ரெண்டு பேரும் காத்துகினு இருந்தோம்."

அக்கா பதிவை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் மாமா. பேசிக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகும் அப்பா பதிவை நிறுத்தவில்லை. அதில் வாசிப்பு முடிந்ததும் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒன்று அப்பாவின் குரல். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.