கிழவன் எழுவதற்குள்

மே 9, செவ்வாய்

இன்று போணி கைவிட்டுப் போனது. சாதாரணப் போணி இல்லை. நானா போமாவின் போணி.

சனிக்கிழமை அவர் இறந்த செய்தி கேட்டதிலிருந்தே காத்திருந்தேன். டெச்சிமன் சந்தையின் கிழங்கு ராணி அவர். வாயாலேயே விலையை ஏற்றி இறக்கிய மனுஷி. ஏழாம் நாள் கூடுகைக்கு ஒரு சுவரொட்டி. பிறகு அடக்கம் செய்யும் பெரிய சடங்குக்குச் சுவரொட்டி, அவர் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம், பதாகை, முகம் பதித்த சட்டை. அச்சுக்கடை வைத்திருக்கும் எவளுக்கும் நாக்கில் எச்சில் ஊறும் வேலை. எனக்கு அதற்கும் மேல். தலையில் மூட்டையோடு போன என்னை நிறுத்தி, “நீ தூக்கப் பொறந்தவ இல்லடீ, விக்கப் பொறந்தவ” என்று திட்டிக் கடன் சரக்கு கொடுத்தவர் அவர். அந்த முகத்தை நான் அச்சடிக்க வேண்டும். எதிர்க்கடை அம்போஃபோ அடிக்கக் கூடாது.

விடிந்ததும் விடியாததுமாகக் ராணியின் குடும்பத் தலைவர் தாச்சிப் பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கணினியைத் தட்டினேன். அது கனடாவில் யாரோ கழித்துக் கட்டிக் கப்பலேற்றிய பழசு. இந்தச் சந்து முழுக்க அதற்குக் ‘கிழவன்’ என்றுதான் பெயர். கிழவன் கண் திறக்கும் முன்பே வாசல் குழாய் ஒலிபெருக்கியில் என் கொழுந்தன் ஜிமாவின் பாட்டு முழங்கத் தொடங்கியது. அவனே எழுதி, அவனே பாடி, அவனே பென்டிரைவில் கொண்டுவந்து கிழவனின் முதுகில் செருகிவிட்டுப் போன பக்திப் பாட்டு. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. பாட்டு முடிந்து முதலிலிருந்து மீண்டும் தொடங்கியது. திரையில் மணல்கடிகாரம் சுற்றியபடியே இருந்தது.

“ஒங்க கிழவன் என்னவிட வயசாளி போலருக்கே தாயி” என்றார் பெரியவர். எதிர்க்கடையிலிருந்து அம்போஃபோவின் குரல்: “ஐயா, இங்க வாங்க! எங்க இயந்திரம் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும்!”

போய்விட்டார்.

மே 10, புதன்

சந்தை நாள். சுவருக்குச் சுவர் ஏழாம் நாள் சுவரொட்டி. படத்தை இடத்துக்குத் தகுந்தபடி இழுத்து நீட்டி வைத்திருக்கிறான் அம்போஃபோ. ராணியம்மா தாம் விற்ற கிழங்கு மாதிரியே இருக்கிறார். வயிறு எரிந்தது. கொஞ்சம் குளிரவும் செய்தது. பொய் எதற்கு?

மே 11, வியாழன்

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கிழவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அக்கா, இதப் பொதைச்சிட்டுப் புதுசு வாங்குங்க. எங்கிட்டயே ஒண்ணு நிக்குது” என்றான். சவப்பெட்டி செய்கிறவனிடம் போய் வைத்தியம் கேட்டது என் தப்பு.

மதியம் சந்து ஓய்ந்திருந்தபோது நானே செல்போனில் தேடிப் படித்தேன். திரையின் அடிப்பட்டையில் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது. அதில் டாஸ்க் மேனேஜர் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கடைக்குள்ளேயே மேனேஜரை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் திண்டாடினேன்? அவனைத் திறந்து ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கத்துக்குப் போனால்—அடடா. கிழவன் எழும்போது கூடவே எழுந்து அவன் முதுகில் ஏறிக்கொள்ளும் கும்பல் முழுக்க அங்கே வரிசையாக நிற்கிறது. எது எவ்வளவு பாரம் என்றும் பக்கத்தில் போட்டிருக்கிறது: அதிகம், நடுத்தரம், குறைவு.

எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவியாளன்: அதிகம். எசமானன் போன பிறகும் வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

கெடு முடிந்துபோன வைரஸ் காவலன்: அதிகம். காவல் காப்பதில்லை, ‘பணம் கட்டு, பணம் கட்டு’ என்று தினமும் மிரட்டுவதோடு சரி. புதிய காவலன் ஒருவன் உண்டு. அவனை வைத்துக்கொண்டேன். இரண்டு காவலாளி இருந்தால் ஒருவனை ஒருவன் காவல் காப்பான். கடையை யார் காப்பது?

என்னை யாரும் கூப்பிடாத வீடியோ அழைப்பு ஒன்று. கால்பந்து விளையாட்டு ஒன்று. கிழவனின் பழைய முதலாளி ஊரில் இன்று பனி விழுமா என்று சொல்லும் வானிலைக்காரன் ஒருவன். இங்கே வெயிலில் தார் உருகுகிறது, அவன் கம்பளி போடச் சொல்கிறான்.

கடைசியில் ஜிமாவின் பாட்டு. அதிகம். யந்திரத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஒவ்வொன்றாகச் சொடுக்கி ‘நிறுத்து’ கொடுத்தேன். இது அழிப்பது இல்லை. கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு பக்கம் இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும். பெயர் புரியாத இரண்டு மூன்றை மட்டும் தொடவில்லை. சந்தையில் ஆள் யாரென்று தெரியாமல் பிடித்துத் தள்ளினால் அவன் போலீஸ்காரனாக இருப்பான்.

கிழவனை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துச் செம்பைக் கீழே வைப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான்! நானும் எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மே 12, வெள்ளி

காலையில் கிழவன் துள்ளி எழுந்தான். சந்து அமைதி. எனக்கே என் கடை புதிதாகத் தெரிந்தது.

ஜிமா வந்தான். இவனுடைய அண்ணன், அதாவது என் கணவன், இத்தாலிக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். புருஷன் போனான், கொழுந்தன் மிஞ்சினான்.

“அண்ணி, எம்பாட்டு எங்க?”

“ஒன் தொண்டைக்கு ரெஸ்ட் குடுத்திருக்கேன்.”

“வெளையாடாதீங்க.”

கிழவனின் பின்னால் செருகிக் கிடந்த அவன் பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். “கொண்டு போப்பா. இது அச்சுக்கடை, சர்ச் இல்ல.” வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். சண்டை போடாமல் போகிறவன் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது.

ஆட்கள் குறைவு. வெள்ளிக்கிழமை, அதனால் இருக்கும்.

மே 13, சனி

ராணியம்மாவின் ஏழாம் நாள். கறுப்புச் சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். துக்கம் விசாரித்துக் கைகொடுத்தபடி வரிசையில் போனபோது தாச்சிப் பெரியவர் என் கையை விடவில்லை.

“கண்ணுல புரை. எனக்கு அந்தச் சுவரொட்டி தெரியல. ஆனா பொண்டுக எல்லாம் சிரிச்சாங்களாம். சாவுக் காயிதத்தப் பாத்துச் சிரிக்கலாமா தாயி?”

“தப்புத்தான் ஐயா.”

“பெரிய சடங்கு வேல இருக்கு. வியாழக்கிழமை வெடியக்காலம் வர்றேன். பாடுவானே ஒருத்தன், அந்தக் கடைதான ஒன்னுது?”

“இப்பப் பாடுறதில்ல ஐயா. நிறுத்திட்டேன்” என்றேன், ஏதோ மெடல் வாங்கினவள் போல.

“ம்ம்” என்றார்.

இரண்டு ஆள் தள்ளி அம்போஃபோ நின்றிருந்தான். காது விடைத்திருந்தது.

மே 15, திங்கள்

போணி இல்லை. இந்த நேரத்துக்கு நாலு பேராவது பிறப்புச் சான்றிதழ் நகலெடுக்க வந்திருப்பார்கள். கிழவன் தயாராக உட்கார்ந்து என்னைப் பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன்.

சந்து முனையில் கம்பங்கஞ்சியும் பயற்று வடையும் விற்கும் மெமுனாவிடம் போய் உட்கார்ந்தேன்.

“என்ன மெமுனா, ஊரே செத்துப்போச்சா?”

“ஊரு சாகல அக்கா. நீதான் செத்துட்டன்னு நெனச்சாங்க.”

“என்னடி?”

“வேன்ல வந்து எறங்குறவங்களுக்கு இந்தச் சந்துக்குள்ள ஒங்கட எங்கருந்து தெரியும்? ஒங்கொழுந்தன் கத்துனா கட தொறந்திருக்கு. கத்தலன்னா மூடிருக்கு. அவ்வளவுதான். வெள்ளிக்கெழம ஒருத்தர் நின்னு கேட்டுட்டு, சத்தமில்ல, வீட்ல ஏதோ ஆகிப்போச்சு பாவம்னு சொல்லிட்டு அம்போஃபோகிட்டப் போனாரு.”

“அந்தப் பாட்டையா கேட்டு வந்தாங்க?”

“நல்லாருக்குன்னு யாரு சொன்னா? நானே காதுல துணி வெச்சுப்பேன். ஆனா அதக் கேட்டுத்தான் நான் வடைய எண்ணெயில போடுவேன்.”

கஞ்சியைக் கீழே வைத்தேன். தாச்சிப் பெரியவருக்குக் கண்ணில் புரை. வியாழக்கிழமை அவர் என் கடையைத் தேடி வரப்போவதே அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான். கிழவன் முதுகிலிருந்து இறக்கிப் போட்ட பாரத்தில் என் கடைப் பெயர்ப்பலகையும் போய்விட்டதே!

ஓடிவந்து பட்டியலைத் திறந்து பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். திரையில் ஒரு வரி: கோப்பு இல்லை. எப்படி இருக்கும்? பிடுங்கிக் கையில் கொடுத்த மகராசி நான்தானே.

மே 16, செவ்வாய்

காலையில் கடை திறக்கும்போது பாட்டு கேட்டது. மனசு குதித்தது. திரும்பிப் பார்த்தேன்.

அம்போஃபோ கடையிலிருந்து.

பாவி. சண்டாளன். யாரை என்று எழுதவில்லை, இரண்டு பேரையும்தான். அவன் வாசலில் நாலு பேர் நகலெடுக்க நின்றார்கள். ஒருத்தி அவன் கடைக்குள் எட்டிப் பார்த்து, “செர்வா அக்கா கட மாத்திட்டாங்களா?” என்று கேட்கிறாள். என் காதுபடக் கேட்கிறாள்!

மே 17, புதன்

ஜிமாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“அம்போஃபோ என்ன குடுத்தான் ஒனக்கு?”

“நல்லாருக்குன்னு சொன்னாரு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

வியாபாரத்தில் இத்தனை காலம் இருக்கிறேன். இவ்வளவு மலிவாக எவனும் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. அந்த விலைக்கு நான் எப்போதோ வாங்கியிருக்கலாம்.

“அண்ணன் போனப்பறம் ஒங்க கடைக்கு ஆளு வரணும்னுதான் அண்ணி அந்தக் கொழாயக் கட்டுனேன். ஏணி வழுக்கி முட்டி பேந்துச்சு. ஒரு நாளாவது, ஜிமா, கேக்குற மாதிரி இருக்குடான்னு சொல்லிருப்பீங்களா?”

புதுக் கிழங்கென்று பழசை விற்றிருக்கிறேன். சுருங்கும் துணியைச் சுருங்காது என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆனாலும் இந்தப் பாட்டை நல்லா இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன். “கேக்க முடியலடா. ஆனா அது இல்லாம கடை கடையா இல்ல.”

பசை தடவிய செருப்பை அழுத்தி ஒட்டினான். பிறகு, “மெமுனா முன்னாடி சொல்லுவீங்களா?” என்றான்.

“எதை?”

“ரெண்டாவது பாதிய மட்டும்.”

போய்ச் சொன்னேன். மெமுனா கரண்டியைக் கீழே போட்டுச் சிரித்தாள். ஜிமா போய்க் கேட்டும், பாட்டைத் திருப்பித் தர அம்போஃபோ சம்மதிக்கவில்லையாம். பென்டிரைவைத் தந்தாலும் நகல் அவனிடம் இருக்கும். இரண்டு கடையிலும் ஒரே பாட்டு கேட்டால் பெரியவர் எந்தப் பக்கம் திரும்புவார்? நாளைக் காலை அவர் வருகிறார்.

“நான் பாத்துக்கறேன் அண்ணி” என்றான் ஜிமா. இவன் பார்த்துக்கொண்டதெல்லாம் எனக்குத் தெரியும்.

மே 18, வியாழன்

விடியலில் கரண்ட் இல்லை. சந்து முழுக்க இருட்டு. அம்போஃபோவின் பாட்டும் செத்தது, என் விளக்கும் செத்தது. அவனுடைய பெரிய இயந்திரத்தைச் சின்ன ஜெனரேட்டர் இழுக்காது. கதவைச் சாத்திவிட்டு வாசலில் கைகட்டி நின்றான். எனக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு. கிழவன் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவான். ஆனால் ஆள் வந்தால்தானே?

அப்போது சந்து முனையிலிருந்து—

ஜிமா. ஒலிபெருக்கி இல்லை, டிரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, மெமுனாவின் அடுப்பு வெளிச்சத்தில் நின்று, கையை விரித்து, முழுத் தொண்டையில் பாடுகிறான். பதிவு செய்ததைவிட மோசம். நாய் குரைத்தது. மேல்மாடி ஜன்னல் ஒன்று படாரென்று மூடிக்கொண்டது. பல்லவியை முடித்துச் சந்துக்குள் பின்னோக்கி நடந்தான், பாடிக்கொண்டே. அவனுக்குப் பின்னால் கம்பின் சத்தம்: டக், டக். தாச்சிப் பெரியவர்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டது. கிழவனைத் தட்டினேன்.

ஜிமா முதல் சரணம்கூட முடிக்கவில்லை. கிழவன் எழுந்துவிட்டான்.

பெரியவர் கொண்டுவந்த ராணியம்மாவின் படத்தை இழுக்காமல், நீட்டாமல், அவர் அளவிலேயே வைத்தேன். திட்டும்போது புருவத்தில் விழும் அந்த மடிப்பை அழகுபடுத்தவில்லை. ஒரு தாளில் அடித்துப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, கஞ்சிச் சட்டியோடு வந்து நின்ற மெமுனாவிடம் நீட்டினார்.

“எப்படிம்மா இருக்கு?”

மெமுனா சற்று நேரம் பார்த்தாள். சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “திட்டப் போறாங்க ஐயா.”

“அப்ப சரி” என்றார் பெரியவர். “இங்கயே அடிக்கட்டும்.”

மே 24, புதன்

சந்தை முழுக்க ராணியம்மா. கிழங்கு விற்கிற பெண்கள் அவருக்கு எதிரே நின்று எடையில் கை வைக்கக் கூசுகிறார்களாம். மெமுனா சொன்னாள்.

அம்போஃபோ பென்டிரைவைக் கொடுத்தனுப்பினான். “ஒங்க ஆளு நேர்லயே பாடுறப்ப இது எதுக்கு எனக்கு” என்றானாம். வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். கிழவனின் பட்டியலில் பாட்டை மறுபடி நிறுத்திவைத்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

கிழவனின் பட்டியலில் இன்னொருவன் சேர்ந்திருக்கிறான், எங்கிருந்து வந்தானோ. நிறுத்தினேன். மேலே வானிலைக்காரன், பிரிண்டரின் உதவியாளன், பாட்டு, எல்லாம் ‘நிறுத்தப்பட்டது’ என்றே இருக்கின்றன.

சந்து முனையில் ஒரு இருமல். ஜிமா இன்றைய பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்கிறான்.

மெமுனாவுக்குக் குரல் கொடுத்தேன், இரண்டு கஞ்சி என்று.